தமிழ்நாட்டில் சிறு வணிகத்துக்கான உரிமங்களும் பதிவுகளும்

தமிழ்நாட்டில் சிறு வணிகத்துக்கான உரிமங்களும் பதிவுகளும் என்பன, இந்தியாவின் தமிழ்நாடு மாநிலத்தில் கடை, பட்டறை, உணவகம், வீட்டுத் தொழில் போன்ற சிறிய தொழில் முயற்சியைத் தொடங்குபவர் சட்டப்படி பெறவேண்டிய அல்லது தம் நலன் கருதிப் பெறத்தக்க அரசுச் சான்றுகளைக் குறிக்கும். எல்லா வணிகங்களுக்கும் பொதுவான ஒரே உரிமம் என எதுவும் இல்லை. நடுவண் அரசு, மாநில அரசு, உள்ளாட்சி அமைப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் இவற்றைத் தனித்தனியே வழங்குகின்றன. ஒருவருக்கு எவை தேவை என்பது வணிகத்தின் சட்ட வடிவம், விற்கப்படும் பொருள், ஆண்டு விற்றுமுதல், பணியாளர் எண்ணிக்கை, வணிகம் நடைபெறும் இடம் ஆகிய ஐந்தையும் பொறுத்து அமைகின்றது.

ஒவ்வொரு சான்றும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டுமே விடையளிக்கின்றது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. எடுத்துக்காட்டாக, சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெற்ற ஓர் உணவகம், உணவுப் பாதுகாப்பு உரிமம் இன்றி இயங்குமானால் அது சட்டமீறலே ஆகும்.

பதிவும் உரிமமும்

பதிவு என்பது ஒரு வணிகம் இருப்பதை அரசின் ஏட்டில் பதியச் செய்வதாகும். உரிமம் என்பது, அனுமதியின்றிச் செய்யக்கூடாத ஒரு செயலைச் செய்வதற்கு அரசு தரும் இசைவாகும். உத்யம் பதிவு முதல் வகைக்கும், மருந்துக்கடை உரிமம் இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டுகள். பெயரை மட்டும் கொண்டு இவற்றை வேறுபடுத்த இயலாது. சிறிய உணவு வணிகர்களுக்கான சான்று "பதிவு" எனப்பட்டாலும், அதைப் பெறாமல் உணவு விற்க இயலாது என்பதால் நடைமுறையில் அது உரிமமே எனலாம்.

சில பதிவுகள் கட்டாயமானவை அல்ல. ஆயினும் அவற்றைப் பெறாதவர் சில உரிமைகளை இழக்கின்றார். கூட்டாண்மைப் பதிவும் உத்யம் பதிவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

சட்ட அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் 19(1)(ஜி) உறுப்பு, எந்தத் தொழிலையும் வணிகத்தையும் செய்யும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகின்றது. 19(6) உறுப்பு, பொது நலன் கருதி அவ்வுரிமையின் மீது நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க அரசுக்கு இடமளிக்கின்றது. உடல்நலம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல், நுகர்வோர் நலன் ஆகியவற்றுக்காக உரிமம் கோரும் சட்டங்கள் இந்த உறுப்பையே சார்ந்து நிற்கின்றன.

வரலாறு

விடுதலைக்குப் பின்னர் இயற்றப்பட்ட தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1951, பெரும்பாலான பெருந்தொழில்களுக்கு நடுவண் அரசின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இம்முறையைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் இராஜாஜி குறிப்பிடத்தக்கவர். "உரிமம், அனுமதி, ஒதுக்கீடு" ஆகியவற்றின் ஆட்சி என அவர் இதனைச் சாடினார். 1991 சூலையில் அறிவிக்கப்பட்ட புதிய தொழிற்கொள்கை, சில துறைகள் நீங்கலாகத் தொழில் உரிம முறையை அகற்றியது. சிறுதொழில்களுக்கு மட்டுமே எனச் சில பொருட்களை ஒதுக்கி வைக்கும் முறை 1967 இல் தொடங்கி 2015 இல் முடிவுக்கு வந்தது.

1991 சீர்திருத்தம் பெருந்தொழில்களைப் பற்றியதாகும். சிறு வணிகர் சந்திக்கும் உணவு, எடையளவு, உள்ளாட்சி, தொழிலாளர் ஆகியவை தொடர்பான உரிமங்கள் அதனால் நீங்கவில்லை.

வணிகத்தின் சட்ட வடிவம்

தனியுரிமை: ஒருவரே உரிமையாளராக நடத்தும் வணிகம். இதற்கெனத் தனிப் பதிவுச் சட்டம் இல்லை. உரிமையாளரின் நிரந்தரக் கணக்கு எண்ணே (பான்) வணிகத்துக்கும் பயன்படும். வணிகக் கடன்களுக்கு உரிமையாளரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். வணிகப் பெயரில் வங்கி நடப்புக் கணக்கு தொடங்க, அப்பெயரிலான இரண்டு சான்றுகளை வங்கிகள் பொதுவாகக் கேட்கின்றன. உத்யம் சான்று, சரக்கு மற்றும் சேவை வரிச் சான்று, உள்ளாட்சி உரிமம் போன்றவை இதற்கு ஏற்கப்படுகின்றன.

கூட்டாண்மை: இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932 இன் கீழ் அமைவது. தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளரிடம் இதனைப் பதியலாம். பதிவு கட்டாயமன்று. ஆனால் சட்டத்தின் 69 ஆம் பிரிவின்படி, பதியப்படாத கூட்டு நிறுவனம் தனக்குப் பணம் தரவேண்டிய வெளியாருக்கு எதிராக ஒப்பந்தத்தின் அடிப்படையில் வழக்குத் தொடர இயலாது. வெளியார் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்வதற்கு இத்தகைய தடை இல்லை. பங்குதாரர்கள் தங்களுக்குள்ளும், கூட்டாண்மையைக் கலைத்தல், கணக்குக் கேட்டல் போன்றவற்றுக்கு மட்டுமே நீதிமன்றத்தை நாட இயலும்.

வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை: 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் குறைந்தது இரண்டு பங்குதாரர்களுடன் பதியப்படுவது. பங்குதாரரின் பொறுப்பு அவர் ஒப்புக்கொண்ட தொகையளவே ஆகும்.

நிறுமம்: நிறுமங்கள் சட்டம், 2013 இன் கீழ்ப் பதியப்படுவது. தனியார் வரையறு நிறுமத்துக்கு இரண்டு உறுப்பினரும் இரண்டு இயக்குநரும் தேவை. ஒருநபர் நிறுமம் என்ற வடிவத்தையும் இச்சட்டம் அறிமுகப்படுத்தியது. பங்கு முதலைக் கொண்ட நிறுமம், பதியப்பட்ட 180 நாட்களுக்குள் வணிகத் தொடக்க அறிவிப்பைத் தாக்கல் செய்தல் வேண்டும். வணிகம் நடைபெறாத ஆண்டிலும் ஆண்டறிக்கைகளைத் தாக்கல் செய்யவேண்டும் என்பதால், மிகச் சிறிய வணிகத்துக்கு இவ்வடிவம் சுமையாகலாம்.

வரி சார்ந்த பதிவுகள்

நிரந்தரக் கணக்கு எண்

வருமான வரித்துறை வழங்கும் பத்து இடங்களைக் கொண்ட இவ்வெண் ஏனைய பல பதிவுகளுக்கும் அடிப்படையாகும். கூட்டாண்மைக்கும் நிறுமத்துக்கும் தனி எண் பெறுதல் வேண்டும். ஊதியம், வாடகை போன்றவற்றிலிருந்து வரி பிடித்தம் செய்யும் கடமை உடையவர்கள், வரிப்பிடித்தக் கணக்கு எண்ணையும் பெறவேண்டியிருக்கலாம்.

சரக்கு மற்றும் சேவை வரி

2017 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி), அதுவரை தமிழ்நாட்டில் இருந்த மதிப்புக் கூட்டு வரியின் இடத்தைப் பெரும்பாலான பொருட்களுக்குப் பெற்றது. தமிழ்நாட்டில் சரக்குகளை மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயையும், சேவை வழங்குபவருக்கு 20 இலட்சம் ரூபாயையும் கடக்கும்போது பதிவு கட்டாயமாகின்றது. சரக்குகளுக்கான 40 இலட்சம் வரம்பு 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வரம்பைக் கணக்கிடுகையில் கீழ்வரும் விதிகள் கருத்திற் கொள்ளத்தக்கவை:

* ஒரே நிரந்தரக் கணக்கு எண்ணின் கீழ் இந்தியா முழுவதும் நடைபெறும் எல்லா வணிகங்களின் விற்றுமுதலும் ஒன்றாகக் கூட்டப்படும். இரண்டு கடைகள் நடத்துபவர் ஒவ்வொரு கடைக்கும் தனி வரம்பு கோர இயலாது.
* வரிவிலக்குப் பெற்ற பொருட்களின் விற்பனையும் கூட்டலில் சேரும். ஆயினும் வரிவிலக்குப் பெற்ற பொருட்களை மட்டுமே விற்பவர் பதிவு பெறவேண்டியதில்லை.
* வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்பவர், கைவினைப் பொருட்கள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருப்பினும் பதிவு பெறவேண்டும்.
* இணைய விற்பனைத் தளங்கள் வழியே சரக்கு விற்பவர்களுக்கும் முன்பு இதே நிலை இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வணிகர்களுக்குச் சில நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கப்பட்டது.

பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. வழங்கப்படும் எண் 15 இடங்களைக் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்; தமிழ்நாட்டின் குறியீடு 33 ஆகும். அடுத்த பத்து இடங்கள் நிரந்தரக் கணக்கு எண்ணாகும். சான்றிதழை வணிக இடத்தில் காட்சிக்கு வைப்பதுடன், எண்ணைப் பெயர்ப்பலகையிலும் குறித்தல் வேண்டும்.

ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய் வரை உள்ள வணிகர்களும் உற்பத்தியாளர்களும் இணக்க வரித் திட்டத்தைத் தேர்ந்து, விற்றுமுதலில் 1 விழுக்காட்டை வரியாகச் செலுத்தலாம். உணவகங்களுக்கு இது 5 விழுக்காடு. இதனைத் தேர்ந்தவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவோ, உள்ளீட்டு வரி வரவு பெறவோ, வேறு மாநிலத்துக்கு விற்கவோ இயலாது.

பதிவு பெற்ற பின்னர் விற்பனை இல்லாத காலத்துக்கும் வரி அறிக்கை தாக்கல் செய்தல் வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் சேரும். தேவை எழுமுன்னரே பதிவு பெறுபவர் இக்கடமையையும் ஏற்றுக்கொள்கின்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

தொழில் வரி

அரசியலமைப்பின் 276 ஆம் உறுப்பின்படி தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது. தமிழ்நாட்டில் இதனை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. பணியாளரின் ஊதியத்திலிருந்து பிடித்துச் செலுத்துவது உரிமையாளரின் கடமையாகும்.

உத்யம் பதிவு

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 இன் கீழ் 2020 சூலை 1 முதல் இப்பதிவு நடைமுறையில் உள்ளது. 2015 இல் தொடங்கிய உத்யோக் ஆதார் முறைக்கு மாற்றாக இது வந்தது. ஆதார் எண்ணைக் கொண்டு உரிமையாளர் தாமே இணையத்தில் உறுதிமொழியாகப் பதியலாம். கட்டணம் எதுவும் இல்லை. அரசுத் தளத்தைப் போன்றே தோற்றமளிக்கும் தனியார் தளங்களில் பணம் செலுத்தத் தேவையில்லை. மாவட்டத் தொழில் மையங்களில் இதற்கான உதவியைப் பெறலாம்.

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வரம்புகள் வருமாறு. முதலீடு, விற்றுமுதல் இரண்டும் வரம்புக்குள் இருத்தல் வேண்டும்.

* குறு நிறுவனம்: இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய் வரை. விற்றுமுதல் 10 கோடி ரூபாய் வரை
* சிறு நிறுவனம்: முதலீடு 25 கோடி வரை, விற்றுமுதல் 100 கோடி வரை
* நடுத்தர நிறுவனம்: முதலீடு 125 கோடி வரை, விற்றுமுதல் 500 கோடி வரை

இப்பதிவு எத்தொழிலையும் நடத்த அனுமதி தருவதில்லை. இதன் முதன்மைப் பயன் தாமதக் கட்டணங்களுக்கு எதிரான பாதுகாப்பாகும். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ பெற்றவர், எழுத்து மூல ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் செலுத்துதல் வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் காலக்கெடு 15 நாட்களாகும். தவறினால் இந்திய ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டியுடன் செலுத்தவேண்டும். மாநில அரசு அமைக்கும் வசதியாக்க மன்றத்திடம் இதற்காக முறையிடலாம்.

பதிவு பெறும் காலம் இங்கு முக்கியமானது. சரக்கு வழங்கிய பின்னர் பெறும் பதிவு, முன்னர் வழங்கியவற்றுக்குப் பயன் தராது என 2021 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 இல் உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு, இக்கேள்வியைப் பெரிய அமர்வின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தது. எனவே முதல் விற்பனைக்கு முன்னரே பதிவு செய்வது பாதுகாப்பானது. சில்லறை, மொத்த வணிகர்கள் 2021 சூலை முதல் இப்பதிவைப் பெறலாம். எனினும் அவர்களுக்கான பயன் வங்கிகளின் முன்னுரிமைக் கடன் பிரிவில் சேர்வதோடு வரையறுக்கப்பட்டது.

உள்ளாட்சி அமைப்பின் உரிமம்

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் வணிக உரிமம், தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 இன் கீழும் அதன் 2023 ஆம் ஆண்டு விதிகளின் கீழும் வழங்கப்படுகின்றது. ஊரகப் பகுதிகளுக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 பொருந்தும். கட்டணம் தொழிலின் வகை, இடத்தின் பரப்பு ஆகியவற்றுக்கேற்ப மாறுபடும். பொதுவாக வாடகை ஒப்பந்தம் அல்லது உரிமை ஆவணம், சொத்துவரி இரசீது, அடையாளச் சான்று ஆகியவை கோரப்படுகின்றன.

உரிமம் வணிகருக்கு மட்டுமன்றி இடத்துக்கும் உரியது. கடையை வேறிடத்துக்கு மாற்றினால் புதிய உரிமம் பெறுதல் வேண்டும். ஆகையால் முன்பணம் கொடுத்து இடத்தை வாடகைக்கு எடுக்குமுன், அவ்விடத்தில் குறிப்பிட்ட தொழிலுக்கு அனுமதி உண்டா என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் அறிந்துகொள்வது இழப்பைத் தவிர்க்கும்.

தெரு வணிகர்கள்

நடைபாதையிலும் தள்ளுவண்டியிலும் விற்பவர்களுக்குத் தெரு வணிகர்கள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெரு வணிக ஒழுங்குமுறை) சட்டம், 2014 பொருந்தும். நகர விற்பனைக் குழு கணக்கெடுப்பு நடத்தி விற்பனைச் சான்றிதழ் வழங்குகின்றது. அக்குழுவின் உறுப்பினருள் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வணிகர்களின் சார்பாளராக இருத்தல் வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை எந்தத் தெரு வணிகரையும் வெளியேற்றக்கூடாது எனச் சட்டம் கூறுகின்றது. 2020 இல் தொடங்கப்பட்ட பிரதமர் சுவநிதிக் கடன் திட்டத்திலும் இச்சான்றிதழ் ஏற்கப்படுகின்றது.

தொழிலாளர் சார்ந்த பதிவுகள்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வேலை நேரம், விடுமுறை முதலியவற்றை ஒழுங்குபடுத்துகின்றது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தம், 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. இத்திருத்தம் 2024 இல் நடைமுறைக்கு வந்தது. 2021 ஆம் ஆண்டுத் திருத்தம், பணியாளர்களுக்கு இருக்கை வசதி செய்து தருவதைக் கட்டாயமாக்கியது. கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இடம்பெற வேண்டும் என்பது இச்சட்டத்தின் கீழமைந்த விதியாகும்.

தொழிற்சாலைகள் சட்டம், 1948, மின்விசையுடன் 10 பேரும் மின்விசையின்றி 20 பேரும் பணிபுரியும் இடங்களைத் தொழிற்சாலை என வரையறுத்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு இவ்வெண்களை முறையே 20, 40 என உயர்த்தியது.

பணியாளர் எண்ணிக்கை 10 ஐ எட்டும்போது தொழிலாளர் அரசுக் காப்பீடும் (இஎஸ்ஐ), 20 ஐ எட்டும்போது வருங்கால வைப்பு நிதியும் பொதுவாகப் பொருந்தும்.

உணவு வணிகம்

உணவைத் தயாரித்தல், சேமித்தல், விற்றல், கொண்டுசெல்லல் ஆகிய அனைத்தும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006 இன் கீழ் வருகின்றன. இதன் கீழமைந்த 2011 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், ஆண்டு விற்றுமுதல் 12 இலட்சம் ரூபாய் வரை உள்ளோருக்குப் பதிவு போதும் எனவும், அதற்கு மேற்பட்டோருக்கு உரிமம் தேவை எனவும் வகுத்தன. பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. இவ்வரம்புகள் திருத்தத்துக்கு உட்பட்டவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள வரம்பே கொள்ளத்தக்கது.

வழங்கப்படும் 14 இலக்க எண்ணைப் பொட்டலச் சிட்டையில் அச்சிடுதல் வேண்டும். 2022 சனவரி 1 முதல் விற்பனைப் பட்டியலிலும் இவ்வெண் இடம்பெறுதல் கட்டாயமாக்கப்பட்டது.

எடையும் அளவும்

சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 இன் கீழ், வணிகத்தில் பயன்படும் தராசு, எடைக்கல், அளவைகள் ஆகியவை சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். எடைக்கற்களுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை தேவை.

பொருட்களை முன்கூட்டியே பொட்டலமிட்டு விற்பவர், தொழில் தொடங்கிய 90 நாட்களுக்குள் பொட்டலமிடுபவராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தல் வேண்டும். பொட்டலத்தின் மீது தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் முதலியவை குறிக்கப்பட வேண்டும்.

சிறப்பு உரிமம் தேவைப்படும் தொழில்கள்

* மருந்துக்கடை: மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940. பதிவு பெற்ற மருந்தாளுநரும், சில்லறைக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடமும் தேவை.
* அடகுக் கடை: தமிழ்நாடு அடகு பிடிப்போர் சட்டம், 1943.
* உரம், பூச்சிமருந்து, விதை விற்பனை: உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985, பூச்சிக்கொல்லிகள் சட்டம், 1968, விதைகள் கட்டுப்பாட்டு ஆணை, 1983. மூன்றுக்கும் தனித்தனி உரிமம் பெறுதல் வேண்டும்.
* பட்டாசுக் கடை: வெடிபொருட்கள் விதிகள், 2008. தீபாவளிக் காலத் தற்காலிகக் கடைக்கும் உரிமம் தேவை.
* ஏற்றுமதி, இறக்குமதி: அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்ககம் வழங்கும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்.

கழிவுநீரோ புகையோ வெளியிடும் தொழில்கள், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கான இசைவும், பின்னர் இயக்குவதற்கான இசைவும் பெறவேண்டும். தொழில்கள் மாசின் அளவுக்கேற்பச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை, வெள்ளை முதலிய வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வெள்ளை வகைத் தொழில்கள் தகவல் தெரிவித்தாலே போதுமானது. முதல் இசைவைக் கட்டடம் கட்டுவதற்கு முன்னரே பெறுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டுகள்

வீட்டில் ஊறுகாய் தயாரித்து ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க்குத் தம் ஊரிலேயே விற்பவருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும், பொட்டலமிடுபவர் பதிவும், முத்திரையிட்ட தராசும் தேவை. உத்யம் பதிவு நன்மை தரும். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு தேவையில்லை. அவரே பெங்களூருக்கு ஒரு பெட்டி ஊறுகாய் விற்கத் தொடங்கினால் அப்பதிவும் தேவையாகின்றது.

இரண்டு உதவியாளருடன் நகரில் தையலகம் நடத்தி ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய் ஈட்டுபவருக்கு உள்ளாட்சி உரிமமும் தொழில் வரியும் முதன்மையானவை. சேவை வரம்பான 20 இலட்சத்தைக் கடக்காததால் வரிப் பதிவு தேவையில்லை. பணியாளர் 10 பேருக்குக் குறைவு என்பதால் கடைகள் சட்டப் பதிவும் தொழிலாளர் அரசுக் காப்பீடும் எழவில்லை. பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் சீருடை தைத்துக் கடனில் வழங்குவாராயின், உத்யம் பதிவு அவருக்குப் பெரிதும் பயன்படும்.

விண்ணப்பிக்கும் வரிசை

ஒரு சான்று மற்றொன்றுக்கு ஆவணமாகத் தேவைப்படுவதால் வரிசை முக்கியமானது. பொதுவாகப் பின்பற்றத்தக்க வரிசை பின்வருமாறு:

1. சட்ட வடிவத்தைத் தீர்மானித்தல்; கூட்டாண்மை அல்லது நிறுமமாயின் பதிவு
2. நிரந்தரக் கணக்கு எண்
3. இடத்துக்கான ஒப்பந்தம்; அத்தொழிலுக்கு அங்கு அனுமதி உண்டா என உறுதி செய்தல்
4. உத்யம் பதிவு, வங்கி நடப்புக் கணக்கு
5. உள்ளாட்சி உரிமம், தொழிலுக்குரிய சிறப்பு உரிமங்கள்
6. தேவையாயின் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு
7. பணியாளர் எண்ணிக்கைக்கேற்பத் தொழிலாளர் பதிவுகள்

வணிகப் பெயரைப் பாதுகாக்க விரும்புவோர் வணிகக் குறிகள் சட்டம், 1999 இன் கீழ்ப் பதியலாம். இது கட்டாயமன்று. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கத்தக்கது. நிறுமப் பெயரைப் பதிவதாலோ உள்ளாட்சி உரிமம் பெறுவதாலோ வணிகக் குறி உரிமை கிடைப்பதில்லை.

ஒற்றைச் சாளர முறையும் விமர்சனங்களும்

தமிழ்நாடு வணிக எளிதாக்கல் சட்டம், 2018, பல துறைகளின் இசைவுகளை ஒரே இணையவாயில் வழியே குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் வழங்க வழிசெய்கின்றது. எனினும் விண்ணப்பம் ஒரே இடத்தில் பெறப்பட்டாலும் முடிவெடுக்கும் அலுவலகங்கள் வெவ்வேறாகவே உள்ளன.

ஒரே விவரங்களைப் பல துறைகளுக்கு மீண்டும் மீண்டும் அளிக்கவேண்டியிருப்பதும், புதுப்பிக்கும் நாட்கள் சான்றுக்குச் சான்று மாறுபடுவதும் சிறு வணிகர்களுக்குச் சுமை என்ற விமர்சனம் உள்ளது. கணக்கரையும் வழக்குரைஞரையும் அமர்த்த வசதியுள்ள பெரிய நிறுவனத்தைவிட, உரிமையாளரே கடையிலும் இருந்து அலுவலகத்துக்கும் செல்லவேண்டிய சிறு நிறுவனத்தையே இச்சுமை மிகுதியும் பாதிக்கின்றது. மறுபுறம், உணவு, மருந்து, வெடிபொருள் போன்றவற்றில் கட்டுப்பாடு தளர்ந்தால் பாதிக்கப்படுவோர் நுகர்வோரும் பணியாளருமே என்பதும் சுட்டிக்காட்டப்படுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* சரக்கு மற்றும் சேவை வரி (இந்தியா)
* கூட்டாண்மை
* குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள்
* மாவட்டத் தொழில் மையம்
* தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம்